மலைநாட்டில் மரக் கயாக்: எபொக்சி மக்கர் பண்ணும்போது கேட்கப்படும் கேள்விகள்

மெல்லிய பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளை எபொக்சியால் நிரப்பி, மேலே கண்ணாடி நார்த் துணி ஒட்டிக் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகைச் செய்வது வீட்டுக் கொட்டகையிலேயே முடிகிற வேலைதான். அறுக்கவும் இழைக்கவும் தெரிந்தவருக்கு மரப் பக்கத்தில் பெரிய சிக்கல் வராது. தலைவலி எல்லாம் எபொக்சியில்தான்: ரெசின், அதை இறுகவைக்கும் ஹார்டனர் என்ற இரண்டையும் கலந்து செய்யும் பசை அது. டின்னோடு வரும் குறிப்புத்தாள் 20, 25 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காய்ந்த பட்டறையை நினைத்து எழுதப்பட்டது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பமே 16 பாகை அளவுதான். தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். ஹட்டனும் மஸ்கெலியாவும் அவ்வளவு குளிராவிட்டாலும் மழையும் மூட்டமும் அங்கே அதிகம். ரெசினைத் திட்டுவதற்கு முன்னால் வெப்பமானியைப் பாருங்கள். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அங்கேதான் போய் நிற்கின்றன.

பூசி இரண்டு நாளாகிவிட்டது. இன்னும் கையில் ஒட்டுகிறது. ரெசின் கெட்டுப்போனதா?

பெரும்பாலும் இல்லை. காரணம் மூன்றில் ஒன்று: குளிர், அளவு பிசகியது, அல்லது கலக்கியது போதாதது. எது என்று கண்டுபிடிக்காமல் மேலே இன்னொரு பூச்சுப் பூசிவிடாதீர்கள். அடியில் இறுகாதது அப்படியே கிடக்கும், மேலே நல்லது இறுகும், பிறகு இரண்டும் சேர்ந்து உரிந்து வரும்.

முதலில் எங்கெங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். ஓர் இடம் கல்லாக இறுகி, பக்கத்தில் ஓர் இடம் மட்டும் பிசுபிசுத்தால் கலக்கியதில்தான் குறை. கோப்பையின் ஓரத்திலும் அடியிலும் ஒட்டியிருந்த, ஹார்டனர் சேராத ரெசின் அந்த இடத்தில் ஊற்றுப்பட்டிருக்கும். முழுவதும் ஒரே மாதிரி ஒட்டினால் குளிராக இருக்கலாம், அளவுப் பிழையாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. படகின் மேல் தறப்பாளோ கம்பளியோ கூடாரமாகப் போட்டு, உள்ளே பழைய இழை மின்குமிழ் இரண்டை எரியவிட்டு, 30 முதல் 35 பாகை வரை சூடேற்றி ஒரு நாள் வையுங்கள். குமிழ் துணியில் படவே கூடாது. கூடாரத்தைப் பார்க்க ஆள் இல்லாத நேரத்தில் அணைத்துவிடுங்கள். இப்போது வருகிற எல்.ஈ.டி. குமிழ்கள் இதற்கு உதவா, அவற்றில் போதிய சூடு வராது. சூட்டில் இறுகிவிட்டால் காரணம் குளிர்தான், படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் சூட்டுக்குப் பிறகும் ரப்பர் மாதிரி நகம் பதிந்தால் அளவு பிசகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இனி எத்தனை வாரம் வைத்தாலும் இறுகாது. சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் இளக்கி, தகட்டால் சுரண்டி, மரம் தெரியும் வரை எடுத்துவிட்டுத்தான் திரும்பப் பூச வேண்டும்.

அப்படியானால் குளிருக்கு ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டி ஊற்றினால் என்ன?

கூடவே கூடாது. இந்த யோசனை பொலியெஸ்டர் ரெசினில் வேலை செய்தவர்களிடமிருந்து வருகிறது. நீர்கொழும்புப் பக்கம் மீன்பிடிப் படகு வார்க்கிறவர்கள் பயன்படுத்துவது பொலியெஸ்டர். அதில் ஊற்றும் கெட்டலிஸ்ட் ஒன்றிரண்டு சதவீதம்தான். அது வினையைத் தூண்டிவிடுகிற சாமான் மட்டுமே. கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் குறையும். எபொக்சியில் ஹார்டனரும் இறுகும் பொருளின் ஒரு பகுதி. ரெசினின் ஒவ்வொரு மூலக்கூறும் ஹார்டனரோடு கை கோக்க வேண்டும். ஹார்டனர் கூடினால் கோக்க ஆள் கிடைக்காத மிச்சம் உள்ளேயே நின்று, எல்லாவற்றையும் மென்மையாக்கிவிடும். வேகம் வேண்டுமானால் வேகமான ஹார்டனர் வாங்குங்கள், அல்லது சூட்டைக் கூட்டுங்கள். ஏறக்குறைய 10 பாகை கூடினால் இறுகும் நேரம் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. கொழும்பில் ஆறு மணித்தியாலத்தில் இறுகுவது 30 பாகையில். அதுவே நுவரெலியாவில் இராத்திரி 10 பாகையில் ஒரு நாள் முழுக்க எடுத்தால் அதில் அதிசயம் இல்லை.

கொழும்புக் கடையில் நல்ல ஹார்டனர் என்றுதான் தந்தார்கள். இங்கே ஏன் சரிவரவில்லை?

கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவருடைய ஊருக்கு ஏற்றதைத் தந்திருக்கிறார். வெப்பமான கரையோரத்துக்கு மெதுவாக இறுகும் ஹார்டனர்தான் சரி, இல்லாவிட்டால் கோப்பையிலேயே இறுகிவிடும். உதாரணத்துக்கு வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசினை எடுத்துக்கொண்டால், அதற்குரிய 209 ஹார்டனர் சுமார் 21 பாகைக்கு மேல் வேலை செய்வதற்கானது. 206க்கு 16 பாகையாவது வேண்டும். 205 மட்டும் 4, 5 பாகை வரை தாங்கும். மலையில் இருப்பவர் 209ஐ வாங்கினால் வருடம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். வேறு கம்பனி என்றாலும் குறைந்தபட்ச வெப்பம் எவ்வளவு என்று டின்னில் எழுதியிருக்கும். வாங்குமுன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ரெசின் 5க்கு ஹார்டனர் 1 என்று போட்டிருக்கிறது. தராசில் நிறுக்கவா, கோப்பையில் அளக்கவா?

எது வேண்டுமானாலும் செய்யலாம், கலந்துகட்டிச் செய்யக்கூடாது. ரெசின் கனமானது, ஹார்டனர் அதைவிடக் கொஞ்சம் இலேசானது. அதனால் கொள்ளளவு விகிதமும் எடை விகிதமும் ஒன்றல்ல. தயாரிப்பாளர் எடைக்கு வேறு எண் கொடுத்திருப்பார். தராசு வைப்பவர் அதைத்தான் பின்பற்ற வேண்டும். ஒரே கம்பனியிலேயே விகிதம் மாறும்: மேலே சொன்ன 205, 206 இரண்டும் 5க்கு 1, ஆனால் 207, 209 இரண்டும் 3க்கு 1. பழைய டின்னின் பழக்கத்தில் புதியதை ஊற்றிவிடாதீர்கள்.

டின்னில் பொருத்தும் பம்ப் வசதியானது. ஆனால் குளிரில் ரெசின் கட்டியாகிவிட்டால் பம்ப் முழுதாக உறிஞ்சாது, காற்றும் கலந்து வரும். வெளியில் பார்த்தால் ஓர் அழுத்து அழுத்தியது போலவே இருக்கும். மலையில் ஒரு கிராம் காட்டும் டிஜிட்டல் தராசுதான் நம்பிக்கையானது. அதிலும் 100 கிராமுக்குக் குறைவாகக் கலக்க வேண்டாம். சின்ன அளவில் ஒரு கிராம் பிசகினாலே விகிதம் கெட்டுவிடும். இரண்டு நிமிடமாவது கலக்குங்கள். பிறகு இன்னொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி மறுபடியும் கலக்கினால் ஓரத்தில் ஒட்டிய மிச்சப் பிரச்சினை இல்லாமல் போகும்.

இறுகிவிட்டது, ஆனால் மேலே மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பு. துடைத்தாலும் போகவில்லை.

மலைநாட்டில் எதிர்பார்க்க வேண்டிய விருந்தாளி இது. ஹார்டனரில் உள்ள அமீன் என்ற இரசாயனம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடும் ஈரத்தோடும் சேர்ந்து மேற்பரப்பில் படியும் படலம். குளிரும் ஈரமும் கூடக் கூட, இறுகுவது தாமதமாகத் தாமதமாக, இதுவும் கூடும். இதன் மேல் பூசினால் அடுத்த பூச்சு பிடிக்காது. வார்னிஷ் அடித்தால் காயாது.

நல்ல செய்தி, இது தண்ணீரில் கரையும். சுத்தமான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தேய்ப்பான், அவ்வளவுதான். தேய்த்த உடனே, தண்ணீர் காய்வதற்குள் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். காயவிட்டால் கரைந்தது திரும்ப அதே இடத்தில் படியும். தின்னரால் துடைப்பவர்கள் அதைப் பரப்பித்தான் விடுகிறார்கள். கழுவாமல் சேண்ட் பேப்பர் போட்டாலும் தாள் அடைத்துக்கொள்ளும், படலம் கீறலுக்குள் இறங்கும். ஒழுங்கு இதுதான்: முதலில் கழுவு, பிறகு தேய். சில ஹார்டனர்களில் இந்தப் படலம் வராது என்று எழுதியிருப்பார்கள். நம் ஊர் மூட்டத்தில் அவற்றையும் கழுவிவிடுவது ஒரு வாளித் தண்ணீர்ச் செலவுதான்.

அறையைச் சூடாக்க மண்ணெண்ணெய் அடுப்பு வைக்கலாமா? கரிச் சட்டி?

இரண்டும் வேண்டாம். எரிகிற எதுவும் காபனீரொட்சைட்டையும் நீராவியையும் அறைக்குள் விடும். மேலே சொன்ன படலத்துக்கு வேண்டிய இரண்டும் அவைதான். மூடிய அறையில் கரிச் சட்டி வைப்பது உயிருக்கும் ஆபத்து. மின் ஹீட்டர் அல்லது குமிழ்க் கூடாரம் போதும். அறை முழுவதையும் சூடாக்க முயல வேண்டியதில்லை, படகைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கினால் சரி.

இன்னொன்று, கூரை. தகரக் கொட்டகையில் பூசுபவர்கள் இராத்திரிப் பனியை மறந்துவிடுகிறார்கள். தகரம் குளிர்ந்ததும் உள்பக்கம் நீர் கோத்து, விடியுமுன் சொட்டு சொட்டாக விழும். இறுகாத எபொக்சியில் சொட்டு விழுந்த இடம் வெள்ளையாக வட்டம் போட்டு நிற்கும். படகுக்கு மேலே ஒரு தறப்பாளைச் சரிவாகக் கட்டிவிடுங்கள், நீர் ஓரத்தில் வடிந்துவிடும்.

எபொக்சிக்கு மலைநாட்டிலேயே பொருத்தமான இடம் தேயிலைத் தொழிற்சாலையின் கொழுந்து வாட்டும் மாடிதான்: காய்ந்த காற்று, நீளமான இடம், விசிறி. எந்தத் துரையும் சம்மதிக்க மாட்டார். தேயிலை எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும் சாமான்.

முதல் பூச்சில் ஊசித் துவாரம் போலக் குமிழ்கள். குத்தி உடைத்தாலும் திரும்ப வருகின்றன.

குமிழ் எபொக்சியிலிருந்து வரவில்லை, மரத்திலிருந்து வருகிறது. மரத் துளைகளில் உள்ள காற்று மரம் சூடாகும்போது விரிந்து வெளியே வரப் பார்க்கும்; மேலே ஈர எபொக்சி இருந்தால் குமிழாகும். காலைக் குளிரில் பூசி, பத்து மணிக்கு வெயில் கொட்டகையில் அடித்தால் இதுதான் நடக்கும். மரம் குளிர்ந்துகொண்டு போகும் நேரத்தில் பூசினால் காற்று உள்ளே சுருங்கி எபொக்சியையும் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். பல கையேடுகள் மாலையில் பூசச் சொல்வது அதனால்தான்.

ஆனால் அந்த அறிவுரை மலையில் பாதிதான் சரி. மாலையில் பூசிவிட்டு விட்டால் இராத்திரிக் குளிரில் இறுகாது, மூட்டத்தில் படலம் படியும். இங்கே செய்ய வேண்டியது வேறு. மதியம் முதலே கூடாரத்துக்குள் மரத்தைச் சூடேற்றுங்கள். காற்று அல்ல, பலகையே தொட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். பூசத் தொடங்கும்போது சூட்டை நிறுத்துங்கள். மரம் மெல்லக் குளிரும், எபொக்சி உள்ளே இறங்கும். தொட்டால் நூல் இழுக்காத அளவுக்குக் கெட்டியான பிறகு திரும்பச் சூட்டைப் போடுங்கள். அப்போது குமிழ் வெளியே வர வழி இருக்காது. துணி ஒட்டுவதற்கு முன் இப்படி ஒரு மெல்லிய பூச்சுப் பூசி மரத்தை அடைத்துவிட்டால் துணிக்குள் குமிழ் வராது.

எந்த மாதத்தில் தொடங்குவது நல்லது?

தேயிலைக்காரர்களைக் கேளுங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் தரமான கொழுந்து வருவது தை முதல் பங்குனி வரையிலான வறண்ட காலத்தில். ஊவாவில், அதாவது பதுளை, பண்டாரவளைப் பக்கம், தென்மேற்குப் பருவக்காற்று மழையை இந்தப் பக்கம் கொட்டிவிட்டுக் காய்ந்து இறங்கும் ஆடி, ஆவணி, புரட்டாதியில். எபொக்சிக்கும் அவைதான் நல்ல மாதங்கள். தை, மாசியில் பகல் அருமையாக இருக்கும், இராத்திரிதான் கொல்லும். கூடாரம் தயாராக இருக்கட்டும். மே முதல் செப்டெம்பர் வரை மஸ்கெலியாவில் வெட்டுகிற வேலை, தைக்கிற வேலை பாருங்கள். டின்னைத் திறக்க அவசரப்பட வேண்டாம்.

ஃபைபர் துணி தெளிவாகாமல் வெள்ளையாகவே நிற்கிறது.

நீங்கள் வாங்கியது நெய்த துணியா, நார்களை வெட்டிப் பரப்பிய மெற்றா? மெற் என்றால் அதுதான் காரணம். அதன் நார்களைப் பிடித்திருக்கும் பசை பொலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. எபொக்சியில் ஸ்டைரீன் இல்லாததால் கரையாது. கயாக்குக்கு வேண்டியது எபொக்சிக்கு ஏற்ற நெய்த துணி, சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவு.

நெய்த துணியே வெள்ளையாக நின்றால் அங்கே எபொக்சி போதவில்லை. ரப்பர்த் தகட்டால் அளவுக்கு மேல் வழித்திருப்பீர்கள், அல்லது மரம் உறிஞ்சியிருக்கும். ஈரமாக இருக்கும்போதே இன்னும் கொஞ்சம் ஊற்றி அழுத்தினால் மறைந்துவிடும். இறுகிய பிறகு கண்டால் அந்த இடத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு ஒட்டுப் போடுவதுதான் வழி. எதிர்ப் பக்கத் தவறும் உண்டு: எபொக்சியை வெள்ளமாக ஊற்றினால் துணி மரத்தை விட்டு மிதக்கும். பிறகு சமப்படுத்தத் தேய்க்கும்போது துணியையே அறுத்துவிடுவீர்கள். நெய்த தடம் மேலே தெரிய வேண்டும், ஆனால் பளபளக்கக்கூடாது. அதுதான் முதல் சுற்றின் அளவு. தடத்தை நிரப்புவது அடுத்த பூச்சின் வேலை.

ரெசின் டின்னுக்குள் சீனி மாதிரி உறைந்திருக்கிறது. எறிந்துவிடவா?

எறியாதீர்கள். குளிரில் ரெசின் பளிங்காவது வழக்கம். டின்னின் மூடியைத் தளர்த்தி, 50, 60 பாகை சுடுநீருள்ள சட்டியில் வைத்து, முழுதும் தெளிவாகும் வரை விடுங்கள். தண்ணீர் டின்னுக்குள் போகக்கூடாது. ஒரு பளிங்குத் துகள்கூட மிஞ்சாமல் கரையட்டும். மிஞ்சினால் அதைச் சுற்றியே திரும்ப உறையத் தொடங்கும். அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகே கலக்குங்கள்.

கட்டியாக இருக்கிறது. கொஞ்சம் தின்னர் விட்டு இளக்கலாமா?

வேண்டாம். ஆவியாகாத தின்னர் உள்ளே மாட்டி எபொக்சியைப் பலவீனமாக்கும். இளஞ்சூடான தண்ணீரில் டின்னை வைத்தாலே நன்றாக ஓடும்.

கோப்பை திடீரென்று கொதித்துப் புகைந்தது!

இறுகும்போது எபொக்சி சூட்டை வெளிவிடும். ஆழமான கோப்பையில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் வினையை இன்னும் துரத்தும். குளிர் ஊரில் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம், ரெசினைச் சூடாக்கிப் பயன்படுத்துபவருக்குத்தான் முதலில் நடக்கும். கலக்கியவுடன் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். புகைந்துவிட்டால் புகையை மூச்சில் இழுக்காமல் வெளியே கொண்டுபோய், காய்ந்த புல்லோ மரத்தூளோ இல்லாத மண்ணில் வையுங்கள்.

பூச்சு சில இடங்களில் விலகி வட்டவட்டமாகக் குழி விழுகிறது.

எண்ணெய், மெழுகு, கைப்பிசுக்கு, அல்லது சரியாகத் தேய்க்காத பளபளப்பு. கழுவி, 80ஆம் நம்பர் தாளால் மங்கலாகும் வரை தேய்த்துப் பூசுங்கள்.

மூட்டில் நிரப்பியது வெடித்துக் கழன்றுவிட்டது.

மரத்தின் வெட்டு முனை எபொக்சியைக் குடித்துவிட்டது. முதலில் மரத்தூள் கலக்காத வெறும் எபொக்சியை மூட்டில் தடவி, உறிஞ்சிய இடத்தில் திரும்பத் தடவி, அதன் பிறகே மரத்தூள் கலந்த களியை வையுங்கள். குச்சியைத் தூக்கினால் முனை சரியாமல் நிற்கும் பதம் சரி. கிளாம்பை நெரித்து இறுக்கினாலும் எபொக்சி பிதுங்கி வெளியே போய் மூட்டு வறண்டுவிடும்.

தோட்டத்தில் வெட்டிய சவுக்கு மரம் இருக்கிறது. சட்டங்களுக்குப் பயன்படுத்தலாமா?

தேயிலைக்கு நிழலுக்கு நட்ட கிரவேலியாவைத்தான் சொல்கிறீர்கள் என்றால், ஓரச் சட்டம், உள் சட்டம் போன்றவற்றுக்கு ஆகும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போதுதான் எபொக்சி நம்பிக்கையாகப் பிடிக்கும். மலையில் வெறும் நிழலில் அடுக்கி வைத்து அந்த அளவுக்கு வருவது கடினம். தச்சு பாஸ்மார் அடுப்பங்கரைக்கு மேல் பரணில் மரம் போட்டு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது நல்ல வழி. கிரவேலியாத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்புத் தரும், முகமூடி போட்டு அறுங்கள். பிளைவுட்டையும் ஈரச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள்.

தேய்த்த அன்று கையெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது.

நிறுத்துங்கள். எபொக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது, அடுத்த முறை குறைந்த அளவுக்கே கூடுதலாகத் தாக்கும். முழுதும் இறுகாத எபொக்சியின் தூள்தான் மோசம். சேண்ட் பேப்பர் அடைத்துக்கொண்டால் இன்னும் இறுகவில்லை என்று அர்த்தம், தேய்க்க வேண்டாம். நைட்ரில் கையுறை, நீளக் கை சட்டை, தூளுக்கேற்ற முகமூடி. கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தின்னரால் துடைத்தால் அதையும் சேர்த்துத் தோலுக்குள் அனுப்புகிறீர்கள். கருவிகளைத் துடைக்க வினாகிரி போதும்.

எபொக்சியே பளபளப்பாக இருக்கிறதே, வார்னிஷ் எதற்கு?

வெயிலுக்கு. புற ஊதாக் கதிர் எபொக்சியைச் சுண்ணாம்பு மாதிரி உதிர வைக்கும். குளிர் ஊரில் வெயில் உறைக்காததால் இது மறந்துபோகும். உண்மையில் ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புற ஊதாத் தடுப்புள்ள வார்னிஷ் மூன்று நான்கு பூச்சு அடியுங்கள், அல்லது வெளிர் நிறப் பெயின்ற். கறுப்போ கடும் நீலமோ வேண்டாம்: வெயிலில் நிறுத்திய கடும் நிறப் படகில் எபொக்சி இளகும் அளவுக்குச் சூடேறலாம்.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் ஓட்டியதில் அடிப்பக்கம் கீறிவிட்டது. உள்ளே கறுத்துவருகிறது.

நீர்மட்டம் இறங்கும்போது அங்கே பழைய மஸ்கெலியா ஊரின் கோயில் இடிபாடுகளே வெளியே தெரியும். பாறையும் அடிக்கட்டையும் தட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கறுப்பு என்றால் தண்ணீர் துணிக்கு அடியில் போய்விட்டது. கறுப்புக்கு இரண்டு அங்குலம் வெளியே வரை தேய்த்து எடுத்து, மரத்தைக் கூடாரத்தில் நன்றாகக் காயவைத்து, ஒன்றைவிட ஒன்று பெரிதாக இரண்டு ஒட்டுப் போடுங்கள். ஈரத்தின் மேல் அவசரமாக ஒட்டினால் அடுத்த மாதமும் இதே வேலை. புதிதாகச் செய்பவர்கள் அடி நடுக்கோட்டில் கூடுதலாக ஒரு துணிப் பட்டி ஒட்டிவிடுங்கள்.

மிஞ்சிய ரெசினையும் ஹார்டனரையும் எவ்வளவு காலம் வைக்கலாம்?

மூடி இறுக்கமாக இருந்தால் ஆண்டுக்கணக்கில். ஹார்டனர் சிவந்து போவது வழக்கம், வேலை செய்யும். தெளிவான பூச்சுக்கு மட்டும் நிறம் தெரியும். பழையதைத் தொடுமுன் 100 கிராம் கலந்து, ஒரு பலகைத் துண்டில் பூசி, சூட்டில் ஒரு நாள் வைத்து நகத்தால் குத்திப் பாருங்கள்.